தெரிந்த சொல், தெரியாத பொருள்

இந்தியப் பாஸ்போர்ட்டின் முன்னட்டையைத் திருப்பினால், உட்புறத்தில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரைத் தடையேதுமின்றிப் போகவிட வேண்டும், அவருக்கு வேண்டிய உதவியும் பாதுகாப்பும் தர வேண்டும் என்று சம்பந்தப்பட்ட எல்லோரையும் கேட்டுக்கொள்ளும் வாசகம் அது. 'தடையேதுமின்றி' என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைப் போட்டிருக்கிறார்கள். 'ஹிண்ட்ரன்ஸ்' என்பது ஒன்று. அது எல்லோருக்கும் விளங்கும். அதற்கு முன்னால் நிற்பது 'லெட்'. தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்துவிடுகிற சொல். 'விடு', 'அனுமதி' என்று பொருள் சொல்லித் தந்திருப்பார்கள். அந்தப் பொருளை வைத்துப் படித்தால், அனுமதியும் இல்லாமல் தடையும் இல்லாமல் போகவிடுங்கள் என்று வாக்கியம் குழம்பிப்போகும்.

உண்மையில் அங்கே இருப்பது வேறொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்று ஒரு வினை இருந்தது. தடு, தாமதப்படுத்து என்று பொருள். இன்றைய 'லேட்' என்ற சொல்லுக்கு உறவு. 'விடு' என்ற பொருள் கொண்ட வினை வேறொன்று. காலப்போக்கில் இரண்டின் ஒலியும் தேய்ந்து ஒன்றாகிவிட்டன. ஒன்றுக்கொன்று நேர் எதிரான பொருளுள்ள இரண்டு வினைகள் ஒரே ஒலியில் நெடுங்காலம் வாழ்வது அரிது. தடுப்பதைக் குறித்த 'லெட்' மெல்ல வழக்கொழிந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதற்கு உயிர் இருந்தது. தந்தையின் ஆவியைப் பின்தொடர்ந்து போகவிடாமல் நண்பர்கள் பிடித்து இழுக்கும்போது, ஹாம்லெட் அவர்களை மிரட்டுவது இந்தச் சொல்லை வைத்துத்தான். இன்றைய வாசகர் அந்த இடத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையில் உரசி விழுந்தால் நடுவர் சொல்லும் 'லெட்' இந்தப் பழைய சொல்தான். பாஸ்போர்ட்டில் அது பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம், பக்கத்தில் 'ஹிண்ட்ரன்ஸ்' துணைக்கு நிற்பது. சட்ட மொழி இப்படி இணைச்சொற்களாக அடுக்கிய தொடர்களை எளிதில் கைவிடுவதில்லை.

பழைய ஆங்கிலத்தைப் படிக்கிறவரை வழிதவற வைப்பது தெரியாத சொல் அல்ல. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டுவோம். நன்றாகத் தெரிந்த சொல், இன்றைய முகத்தோடு வந்து நின்று, உள்ளே வேறு பொருளை வைத்திருக்கும்போதுதான் ஏமாந்துபோகிறோம். கேம்பிரிட்ஜில் இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்த சி. எஸ். லூயிஸ் 1960-இல் எழுதிய 'ஸ்டடீஸ் இன் வேர்ட்ஸ்' என்ற நூலில் இதற்கு 'ஆபத்தான பொருள்' என்றே பெயர் வைத்தார். ஒரு சொல்லின் இன்றைய முதன்மைப் பொருளே, பழைய நூலைப் படிக்கும்போது ஆபத்தானது என்பது அவர் கருத்து. சங்க இலக்கிய மாணவருக்கு இது புதிதல்ல. 'கிழவன்' என்ற சொல்லை அகத்திணை இலக்கணத்தில் பார்த்து முதியவர் என்று நினைத்தவர், அங்கே தலைவனைத் தொலைத்துவிடுவார். உரிமையுடையவன் என்ற அந்தப் பொருள் 'நிலக்கிழார்' போன்ற சொற்களில் தங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தின் பழம்பொருள்கள் அடர்ந்து கிடக்கும் இடம் 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள். இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மில் பலர் அதைக் கவனித்ததில்லை. தமிழில் பைபிளை முதலில் பெயர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள் அல்லர். 1714-இல் தரங்கம்பாடி அச்சகத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கிய சீகன்பால்கும், பின்னால் வந்த பப்ரிசியுஸும் ஜெர்மானியர்கள். கிரேக்க, எபிரேய மூலங்களை வைத்து உழைத்தவர்கள். ஆகவே ஆங்கிலச் சொற்கள் இடம் மாறிய கதை தமிழைத் தொடவில்லை. பழைய ஆங்கிலப் பைபிளையும் தமிழ் வேதாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், 400 ஆண்டுகளில் ஆங்கிலம் எங்கெங்கே நகர்ந்தது என்பதைத் தமிழே காட்டிக்கொடுக்கும்.

லேவியராகமம் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கிங் ஜேம்ஸ் பைபிளில் அது 'மீட்' காணிக்கையைப் பற்றிய அதிகாரம். காணிக்கையில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று பார்த்தால் மெல்லிய மாவு, எண்ணெய், தூபவர்க்கம். இறைச்சித் துண்டு ஒன்றுகூட இல்லை. தமிழில் அதன் பெயர் 'போஜனபலி'. 1611-இல் 'மீட்' என்றால் உணவு, அவ்வளவே. உண்ணத் தகுந்த எதுவும் 'மீட்'. இனிப்புப் பண்டத்துக்கு 'ஸ்வீட்மீட்' என்ற பெயர் இருப்பது அதனால்தான். அந்தச் சொல்லைக் கேட்டு இறைச்சியை நினைக்கும் காலம் வந்தபோது, 1885-இல் வெளியான திருத்தப் பதிப்பு அதை 'மீல்' காணிக்கை என்று மாற்றியது.

இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ஆங்கிலம் 'வான்ட்' என்கிறது. மேய்ப்பரை வேண்டாம் என்று சொல்வதாக அதைப் புரிந்துகொள்ளும் ஆங்கிலக் குழந்தைகள் உண்டு. தமிழ் 'தாழ்ச்சி' என்று போட்டு, குறைவு என்ற பழம்பொருளைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைகள் தன்னிடம் வருவதைப் பற்றி இயேசு சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் 'சஃபர்' என்ற சொல் நிற்கிறது. குழந்தைகள் துன்பப்பட வேண்டும் என்று அதற்குப் பொருள் அல்ல. 'இடங்கொடுங்கள்' என்கிறது தமிழ். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், இறந்தவர்களை உயிரோடிருப்பவர்கள் 'பிரிவென்ட்' செய்வதில்லை என்று வரும். இன்றைய ஆங்கிலத்தில் தடுப்பதில்லை என்றாகும். தமிழில் 'முந்திக்கொள்வது' என்று இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு முன்னால் வருதல் என்றுதான் பொருள். முன்னால் வந்து வழியை மறிப்பவன் தடுப்பவனாகிறான். பொருள் நகர்ந்த வழி அதுதான். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்தில் பவுல், உங்களிடம் வர நினைத்தும் வர முடியவில்லை என்கிற இடத்தில் நம் பாஸ்போர்ட்டின் 'லெட்' இருக்கிறது. தமிழில் 'தடை'.

'பெக்யூலியர்' என்ற சொல் இன்னும் சுவையானது. இன்று அதற்கு விசித்திரமான என்று பொருள். பேதுருவின் நிருபம் விசுவாசிகளை 'பெக்யூலியர்' மக்கள் என்கிறது. தமிழ் வேதாகமம் அவர்களைக் கடவுளுக்குச் சொந்தமான ஜனம் என்கிறது. தமிழ் சொல்வதுதான் பழைய பொருள். லத்தீனில் தனியுடைமையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லின் வேர் கால்நடை. மந்தைதான் உடைமை. கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபீ' என்ற சொல்லுக்கும் பழைய ஆங்கிலத்தில் கால்நடை என்ற பொருள் உண்டு. 'மாடு' என்பதைச் செல்வம் என்ற பொருளில் வள்ளுவர் ஆண்டிருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டியதில்லை.

எபிரெயருக்கு எழுதிய நிருபத்தில் தேவனுடைய வார்த்தை 'குவிக்' ஆனது என்று வரும். வேகமானது என்று படித்தால் தவறு. தமிழ் 'ஜீவன்' என்கிறது. உயிருள்ளது என்பதே 'குவிக்' என்பதன் முதற்பொருள். பாதரசத்துக்கு 'குவிக்சில்வர்' என்று பெயர் வந்தது உயிர் உள்ளதுபோல் ஓடுவதால். நகத்தடியில் வலி தெரியும் சதையும் 'குவிக்'தான். உயிருள்ளது அசையும், அசைவது விரையும் என்று பொருள் படிப்படியாக நகர்ந்து வேகத்தில் வந்து நின்றது.

இந்தச் சொல்லின் பழைய பொருள் இன்றும் இந்தியச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை வைத்து மனிதர்கள் சிறைக்குப் போகிறார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவில், கருவைக் கலைப்பது குற்றம் என்று சொல்லி இரண்டு அளவில் தண்டனை வைத்தது. பெண் 'குவிக்' நிலையை அடைந்த கருவைச் சுமந்திருந்தால் தண்டனை 7 ஆண்டு வரை உயரும். வயிற்றுக்குள் பிள்ளை அசைவதைத் தாய் முதன்முதலில் உணரும் கட்டத்தைக் குறித்த சொல் அது. பெரும்பாலும் நாலாம் மாதம், ஐந்தாம் மாதம். ஸ்கேன் கருவி இல்லாத காலத்தில் கருவுக்கு உயிர் உண்டு என்பதற்குத் தாயின் உணர்வே முக்கியச் சான்று. இங்கிலாந்தில் தூக்குத் தண்டனை பெற்ற பெண் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னால், நீதிமன்றம் திருமணமான பெண்களைக் கொண்ட ஒரு ஜூரியை அமர்த்தும். அவர்கள் அவளைச் சோதித்து, பிள்ளை அசைவு கண்டிருக்கிறது என்று சொன்னால் தண்டனை தள்ளிவைக்கப்படும். ஒரு பெண்ணின் உயிர் இந்த ஒற்றைச் சொல்லில் தொங்கிய காலம் அது. 1931-இல்தான் அந்த முறை அங்கே முடிவுக்கு வந்தது. நம் பழைய தண்டனைச் சட்டத்தை நீக்கி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவிலும் அதே சொல் அப்படியே இருக்கிறது. ஆங்கில மூலத்தை மட்டும் படிக்கும் ஓர் இளம் வழக்கறிஞர் இந்தச் சொல்லில் தடுக்கி நின்றால் அதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். சட்டம் எழுதியவர்கள் இதை இன்றைய மொழியில் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பொருள் சுருங்கிய சொற்களைப் பற்றி ஆங்கில மொழி வரலாற்று நூல்கள் நிறையச் சொல்லும். அதிகம் கேள்விப்பட்டது 'டீர்'. இன்று மான். பழைய ஆங்கிலத்தில் எந்த விலங்கும். ஜெர்மன் மொழியில் இன்றும் 'டியர்' என்றால் விலங்குதான். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சிலிருந்து 'பீஸ்ட்' வந்தது, அப்புறம் லத்தீன் வழியில் 'அனிமல்' வந்தது. பொது விலங்கின் இடத்தை அவை எடுத்துக்கொள்ள, வேட்டைக்காரர்கள் பெரிதும் துரத்திய விலங்கோடு 'டீர்' ஒதுங்கியது. காட்டைக் குறிக்கும் 'வில்டர்னஸ்' என்ற சொல்லுக்குள் அந்தப் பழைய விலங்கு இன்னும் பதுங்கியிருக்கிறது. 'ஹவுண்ட்' எல்லா நாயையும், 'ஃபவுல்' எல்லாப் பறவையையும், 'ஸ்டார்வ்' எல்லாச் சாவையும் குறித்தன. 'கார்ன்' என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிரிட்டனில் 1815 முதல் 1846 வரை நடப்பிலிருந்த 'கார்ன்' சட்டங்களை மக்காச்சோளத்தோடு முடிச்சுப் போடக்கூடாது. அங்கே அந்தச் சொல் கோதுமை முதலான தானியங்களைக் குறித்தது. அமெரிக்க வழக்கில்தான் அது மக்காச்சோளமானது. உப்பிட்டுப் பதப்படுத்திய மாட்டிறைச்சிக்கு 'கார்ன்ட்' என்ற அடைமொழி வந்ததும் தானிய மணியளவு உப்புப் பரல்களால்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு வகைச் சொற்கள். 'வில்லன்' என்று நாம் தினமும் திரைப்படங்களைப் பற்றிப் பேசும்போது சொல்கிறோம். அந்தச் சொல்லின் முதல் சொந்தக்காரன் பண்ணையில் உழைத்த குடியானவன். லத்தீனில் 'வில்லா' என்பது பண்ணை வீடு. அதைச் சேர்ந்த உழவன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, நிலத்தோடு கட்டப்பட்ட அடிமை உழவனாக இருந்தான். பிரபுக்களின் வாயில் அவன் பெயர் முரடன், அயோக்கியன் என்று இழிந்தது. 'சர்ல்' என்பது பழைய ஆங்கிலச் சமூகத்தில் அடிமையல்லாத எளிய குடிமகன், பின்னால் பண்பற்றவன். 'பூர்' குடியானவன், பின்னால் நாகரிகமில்லாதவன். 'நேவ்' சிறுவன், ஏவலாள், பின்னால் வஞ்சகன். மறுபக்கம் பாருங்கள். 'நோபிள்' உயர்குடிப் பிறந்தவன், 'ஜென்டில்' நல்ல குடும்பத்துக்காரன். இவை உயர்ந்த மனத்தையும் மென்மையான குணத்தையும் குறிக்கும் சொற்களாக ஏறிக்கொண்டன. பிறப்பைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிப்பனவாக மாறும் இந்தப் போக்கை லூயிஸ் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். யார் எழுதினார்களோ, யார் பேச்சு சபையில் எடுபட்டதோ, அவர்கள் கண்ணில் ஏழை எப்படித் தெரிந்தான் என்பது அகராதியில் பதிந்துவிட்டது. சாதியின் பெயர் வசைச்சொல்லாகும் நாட்டில் இருக்கும் நமக்கு இது நன்றாகவே புரியும்.

பெண்களைக் குறித்த சொற்களுக்கும் இதே கதி. 'ஹஸி' என்ற வசைச்சொல் 'ஹவுஸ்வைஃப்' என்பதன் தேய்ந்த வடிவம்; வீட்டை நடத்துகிறவள், அவ்வளவுதான். 'ஸ்பின்ஸ்டர்' என்றால் நூல் நூற்கும் பெண். நூற்பு அவளுக்குச் சொந்தக் காலில் நிற்க வருமானம் தந்த தொழில். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து மணமாகாத பெண்ணைச் சட்ட ஆவணங்களில் குறிக்கும் சொல்லாக அது ஆனது. பிறகு வயதாகியும் மணமாகாதவள் என்ற ஏளனம் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் இந்தச் சொல்லை நிறுத்தியது 2005-இல்தான். அதன் ஈறான 'ஸ்டர்' ஒரு காலத்தில் பெண்பால் விகுதி. 'வெப்ஸ்டர்' நெசவுக்காரி, 'பேக்ஸ்டர்' ரொட்டி சுடுகிறவள். அமெரிக்க ஆங்கில அகராதிக்குப் பெயர்போன நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயருக்குள் எப்போதோ தறியில் உட்கார்ந்த ஒரு பெண் இருக்கிறாள். 'கேர்ள்' என்பதுகூட ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில் ஆண், பெண் இருபாலாரையும் குறித்த சொல். இளம் பிள்ளைகள் என்று மட்டும் பொருள்.

இத்தனையும் நமக்கு எப்படித் தெரிகிறது? 1857-இல் லண்டன் மொழியியல் கழகத்தில் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் என்ற பாதிரியார், இருக்கும் அகராதிகளின் குறைகளைப் பற்றி இரண்டு உரைகள் ஆற்றினார். ஒரு சொல் எப்போது பிறந்தது, எந்தப் பொருள் எப்போது வந்து எப்போது போனது என்று எந்த அகராதியும் சொல்வதில்லை என்பது அவர் குறை. அதிலிருந்து பிறந்ததுதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1879-இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியரானார். வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, சுவர் முழுக்கச் சிறு அறைகள் அடித்து, ஊர் ஊராகத் தொண்டர்கள் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகளை அதில் அடுக்கினார். ஒரு சீட்டு என்றால், மேல் மூலையில் சொல், கீழே அது வரும் வாக்கியம், நூலின் பெயர், ஆண்டு. ஆண்டுதான் உயிர்நாடி. ஐம்பது லட்சம் அளவுக்குச் சீட்டுகள் வந்து குவிந்தன. முதல் பகுதி 1884-இல் வெளிவந்தது. மரே 1915-இல் இறந்துவிட்டார். வேலை முடிந்தது 1928-இல். 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அச்சேறின.

ஆண்டு குறித்த சான்றைக் கேட்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு, பலரும் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதையே போதும். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்த அரசர் அதை 'ஆவ்ஃபுல்', 'ஆர்ட்டிஃபிஷியல்' என்று சொன்னாராம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மகிழ்ந்துபோனாராம். அந்தச் சொற்களின் பழம்பொருள்கள் உண்மைதான். முதலாவதற்கு வியந்து தலைவணங்க வைப்பது என்றும், இரண்டாவதற்குக் கைத்திறனோடு செய்தது என்றும் பொருள் இருந்தன. கதைதான் நிற்கவில்லை. சொல்பவருக்குச் சொல்பவர் அரசர் மாறுகிறார். சிலருக்கு இரண்டாம் சார்லஸ், சிலருக்கு இரண்டாம் ஜேம்ஸ், சிலருக்கு ஆன் அரசி. தேவாலயப் பணி தொடங்கியது 1675-இல், முடிந்ததாக அறிவித்தது 1711-இல். சார்லஸ் 1685-இல் இறந்துவிட்டார். ஜேம்ஸ் 1688-இல் நாட்டை விட்டே ஓடினார். முடிந்த கட்டடத்தை இவ்விருவரும் பார்த்திருக்க வழியில்லை. சொல்வரலாற்றை நேசிக்கிறவர்கள் இந்தக் கதையைக் கைவிட வேண்டும். உண்மையான சான்றுகள் இதைவிடச் சுவையானவை.

அந்தச் சான்றுகளில் ஒரு பகுதி நம் ஊரிலேயே இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆவணங்களைப் புரட்டுகிறவர் முதல் பக்கத்திலேயே 'ரைட்டர்' என்ற சொல்லைச் சந்திப்பார். எலிஹு யேல் 1672-இல் சென்னைக்கு வந்தது ரைட்டராக. ராபர்ட் கிளைவ் 1744-இல் ஆண்டுக்கு 5 பவுன் சம்பளத்தில் வந்ததும் ரைட்டராகத்தான். இருவரும் எழுத்தாளர்கள் அல்லர். கணக்கையும் கடிதத்தையும் படியெடுக்கும் கீழ்மட்டக் குமாஸ்தா வேலை அது. அடுத்த படி 'ஃபாக்டர்', அதாவது கம்பெனிக்காகச் சரக்கு வாங்கும் முகவர். அவர்கள் இருக்கும் இடம் 'ஃபாக்டரி'. 1611-இல் மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலேயர் வைத்த ஃபாக்டரியைத் தொழிற்சாலை என்று நினைத்துக்கொள்கிற மாணவர்களை இன்றும் பார்க்கிறேன். அங்கே தறி ஓடவில்லை, புகைபோக்கி இல்லை. ஊர் ஊராக நெய்த துணியை வாங்கிச் சேர்த்துக் கப்பலேற்றும் வணிக நிலையம் அது. பாடநூல் எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லுக்காவது அடிக்குறிப்பு போட வேண்டும். 'இன்டர்லோப்பர்' என்றால் இன்று அழையாமல் நுழைகிறவர். அந்த ஆவணங்களில் கம்பெனியின் ஏகபோகத்தை மீறித் தனியாக வியாபாரம் செய்கிறவர். அப்படி மீறித் திரிந்த தாமஸ் பிட்தான் பின்னால் 1698-இல் சென்னை கவர்னராகவே வந்து உட்கார்ந்தார்.

இங்கிலாந்தில் வழக்கொழிந்த அந்த ரைட்டர் தமிழ்நாட்டில் இன்னும் வேலை பார்க்கிறார். எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்கப் போனாலும் "ரைட்டரைப் பாருங்க" என்பார்கள். ஆவணம் எழுதும் காவலர் அவர். 300 ஆண்டுப் பழைய பொருள் சிறிதும் மாறாமல் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப்னியும் அப்படித்தான். தொடக்கக் கால மோட்டார் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. வேல்ஸ் நாட்டின் லனெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு நிறுவனம் 1904-இல் அதைச் செய்து விற்கத் தொடங்கியது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஆயிற்று. ஆங்கிலேயருக்கு அந்தச் சொல் மறந்துவிட்டது. நம் லாரி டிரைவர்கள் மறக்கவில்லை. சொல்லைக் கடன் வாங்கியவர்கள் கடன் வாங்கிய நாளின் பொருளைப் பத்திரமாக வைத்திருப்பது மொழிகளில் அடிக்கடி நடக்கிறது.

'கம்ப்யூட்டர்' என்ற சொல்லும் இந்தியப் பதிவேடுகளில் மனிதனாக இருந்தது. 1802-இல் சென்னை பரங்கிமலையில் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோணவியல் நில அளவையில், கணக்குப் போடுகிறவர்களுக்கு அதுதான் பதவிப் பெயர். வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் 1831-இல் கம்ப்யூட்டராகச் சேர்ந்து, பின் தலைமைக் கம்ப்யூட்டரானார். எவரெஸ்ட் என்று பின்னால் பெயர்பெற்ற சிகரத்தின் உயரக் கணக்கில் அவர் கை உண்டு.

தமிழரைப் பொறுத்தவரை, அந்த ஆவணங்களில் எல்லாவற்றையும்விட வழிதவற வைக்கும் சொல் 'மலபார்'. இன்று அது கேரளத்தின் வடபகுதி. 18-ஆம் நூற்றாண்டுச் சென்னையில் அது தமிழ் மொழி, தமிழர். மேற்குக் கரையில் இறங்கிய போர்ச்சுக்கீசியர் அங்கே கேட்ட பெயரைக் கிழக்குக் கரைக்கும் நீட்டிவிட்டார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலின் முகப்பிலேயே மொழியின் பெயர் 'மலவார் தமுல்' என்று இரண்டும் சேர்ந்து வருகிறது. சீகன்பால்கு 1708-இல் தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளின் பட்டியலுக்கு மலபார் நூலகம் என்று லத்தீனில் பெயரிட்டார். 1716-இல் வெளியிட்ட இலக்கணத்துக்குத் தமிழின் பெயரையே வைத்தார். பப்ரிசியுஸ் 1779-இல் அச்சிட்ட தமிழ் அகராதி 'மலபார் – ஆங்கில அகராதி'. அருகில் வரும் 'ஜென்ட்டு' என்பது சென்னையில் தெலுங்கு. வங்காளத்தில் கம்பெனி ஊழியர் ஹால்ஹெட் பெயர்த்து 1776-இல் வெளியான 'ஜென்ட்டு' சட்டத் தொகுப்பிலோ அது இந்து. ஒரே கம்பெனியில், ஒரே காலத்தில், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். இவற்றையெல்லாம் பிரித்துக் காட்டிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். 1886-இல் அகராதி வெளிவந்தபோது அவர் உயிரோடில்லை.

மலபார் என்ற சொல் யாழ்ப்பாணத்தில் சட்டமாகவே தங்கிவிட்டது. டச்சுக்காரர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம், வாரிசு வழக்கங்களைத் திரட்டி 1707-இல் எழுதி முடித்தார். உள்ளூர்ப் பிரமுகர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுதான் தேசவழமை. ஆங்கிலேயர் 1806-இல் கொண்டுவந்த 18-ஆம் ஒழுங்குவிதி, யாழ்ப்பாண மாகாணத்தின் 'மலபார்' குடிகளுக்கு இது பொருந்தும் என்று அதற்குச் சட்டவலு தந்தது. சட்டத்தில் இருக்கும் சொல் அது. ஆகவே யார் மலபார், யார் குடி என்ற கேள்வி 20-ஆம் நூற்றாண்டில் இலங்கை நீதிமன்றங்களுக்குப் பலமுறை போயிற்று. மலபார் என்பது தமிழரைக் குறிக்கும் என்று நீதிபதிகள் கொண்டார்கள். அதன் பிறகும், எல்லாத் தமிழருக்கும் இது பொருந்தாது, யாழ்ப்பாணத்தை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவர்களுக்கே பொருந்தும் என்று எல்லை வகுக்க வேண்டியிருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர், மட்டக்களப்பில் பிறந்தவர், இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அலசினார்கள். இதன் பாரம் பெண்கள்மேல்தான் அதிகம் விழுந்தது. 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வாரிசுரிமைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்; அவன் காரணமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். தேசவழமைக்கு உட்படாத பெண்ணும் உட்பட்ட ஒருவரை மணந்தால் அந்தத் திருமணம் நீடிக்கும் காலம் வரை அதற்குள் வந்துவிடுவாள். தகப்பன் தந்த சீதனக் காணியை விற்கப் போகும் ஒரு பெண்ணின் உறுதிப் பத்திரம் செல்லுமா, செல்லாதா என்பது, அவள் கணவன் 1806-ஆம் ஆண்டு ஆங்கிலத்தின்படி மலபார் குடியா என்பதைப் பொறுத்தது.